நிலோபர் என்னை நிப்பாட்டினது

வாங்க அம்மிணி, உள்ள வாங்க. சாமானெல்லாம் அடுக்கியாச்சுங்களா? கீழ் வீட்டுல தண்ணிக்குக் கஷ்டமில்லை, அந்தக் கவலையே வேண்டாம். அந்தச் சேர்ல உக்காருங்க. நுனியில உக்காராதீங்க, நல்லாச் சாஞ்சு உக்காருங்க. ஆமா, வீட்டுக்காரம்மா நான்தான், பேரு மரகதம். அக்கான்னே கூப்பிடுங்க.

என்ன கேட்டீங்க, வீட்டுக்கு வந்து உடற்பயிற்சி சொல்லித்தர ட்ரெய்னர் யாராச்சும் தெரியுமான்னா? சரியான ஆளைத்தான் கேட்டிருக்கீங்க. ரெண்டு ட்ரெய்னர் வெச்சுப் பாத்தவ நான். எது நல்ல ட்ரெய்னர், எது மோசமான ட்ரெய்னர்னு இந்த வடவள்ளியில என்னை மாதிரி சொல்றதுக்கு ஆளில்லை. காபி கலக்கறேன், குடிச்சுக்கிட்டே கேளுங்க.

மொதல்ல வந்தது ரிக்கி தம்பி. நெஜப் பேரு ரங்கராஜு. பனியன்ல ரிக்கின்னு போட்டிருந்துச்சு, அதனால நானும் அப்படியே கூப்பிட்டேன். கனடாவுல இருந்து எம் மகன் நவநீதன்தான் ஏற்பாடு பண்ணினான். அவங்கப்பா போனதுக்கு அப்புறம் நான் ஒரே சுத்தா ஊதிட்டேனுங்க. முட்டி வலி வேற. மாடிப்படி ஏறினா நடுவுல ஒருக்கா நின்னு, மருதமலையைப் பாக்கற மாதிரி பாத்துட்டு, அப்புறம் ஏறுவேன். போன்ல பேசறப்ப மூச்சு வாங்கறதை அவன் கேட்டுட்டான். "அம்மா, இந்த வீட்டை வித்துடலாம். பேரூர் தாண்டி வயசானவங்களுக்குன்னே தனித்தனி வீடா கட்டிக் குடுக்கறாங்க, நர்ஸு இருக்கு, சமையல் இருக்கு"ன்னு ஆரம்பிச்சான். விக்கறதாவதுங்க? நானும் அவரும் நின்னு கட்டின வீடுங்க இது. மோட்டார் கடையை மத்தியானம் சாத்திட்டு வந்து செவுத்துக்குத் தண்ணி விடுவாரு அவரு. "எனக்கு ஒண்ணுமில்லைடா, உடம்பைக் குறைச்சா சரியாப் போயிரும்"னேன். "சரி, குறை பாக்கலாம்"னு ரிக்கி தம்பியை அனுப்பிட்டான்.

அடேயப்பா, அந்தத் தம்பியைப் பாக்கணுமே நீங்க. கை ஒவ்வொண்ணும் உங்க இடுப்புத் தண்டிக்கு இருக்கும். வாசல்ல வந்து நின்னா வெளிச்சம் மறைச்சிரும். வந்த உடனே "ஆன்ட்டி, உங்களைப் பாத்தா ஐம்பதுன்னே சொல்ல முடியாது, மூணே மாசம், உங்களை வேற ஆளாக்கிக் காட்டறேன்"னுச்சு. எனக்கு அறுபத்தி ரெண்டு. ஆனாலும் கேக்க நல்லா இருந்துச்சுங்களே! முன்னாடி நிக்க வெச்சு ஒரு போட்டோ, சைடுல ஒரு போட்டோ. மூணு மாசம் கழிச்சு இன்னொண்ணு எடுத்துப் பக்கத்துல ஒட்டிப் போடுமாம். என்ன ஒரு அக்கறை.

வேற ஒண்ணும் கேக்கலீங்க. சுகர் இருக்கா, பிரஷர் இருக்கா, அதெல்லாம் ஒண்ணும் கிடையாது. நேரா வேலைதான். உக்காந்து எந்திரி, உக்காந்து எந்திரி. போனைப் பாத்துக்கிட்டே எண்ணும். எட்டு சொல்லும், ஒரு மெசேஜ் வரும், மறுபடியும் ஆறுல இருந்து வரும். பாவம், அவ்வளவு பிசி. நான் நிறுத்தினா மட்டும் எப்படியோ தெரிஞ்சிரும். "கமான் சாம்பியன்!"னு ஒரு சத்தம். தெருவுல போறவங்கெல்லாம் திரும்பிப் பாப்பாங்க. அறுபத்தி ரெண்டு வருசத்துல என்னைச் சாம்பியன்னு யாருங்க கூப்பிட்டிருக்காங்க? அரிசியே தொடக்கூடாதுன்னுச்சு. ஏதோ ஒரு பவுடர் டப்பா குடுத்துச்சு, கலக்கிக் குடிச்சா சுண்ணாம்புத் தண்ணி மாதிரி இருக்கும். மனசைக் கல்லாக்கிட்டுக் குடிச்சேன்.

எது கேட்டாலும் டக்குனு பதில் வரும். முதுகு வலிக்குதுன்னா ஒரு பயிற்சி, தூக்கம் வரலைன்னா ஒரு பயிற்சி. எங்க வீட்டு மாமரம் காய்க்கலைன்னு சொன்னா அதுக்கும் ஒண்ணு சொல்லியிருக்கும். தெரியாதுன்னு ஒரு வார்த்தை அந்த வாயில வந்ததில்லை. அதுதானுங்க அறிவு!

ஒருநாள் மரப்பெட்டி மாதிரி ஒண்ணைக் கொண்டாந்து கூடத்துல வெச்சுது. அது மேல குதிச்சு ஏறணுமாம். "தம்பி, முட்டி வலிக்குதே"ன்னேன். "வலிச்சா வேலை செய்யுதுன்னு அர்த்தம் ஆன்ட்டி"ன்னுச்சு. சரி, படிச்ச புள்ள சொல்லுதுன்னு குதிச்சேன். நாலாவது தடவையோ என்னவோ, முட்டிக்குள்ள நெத்துத் தேங்காய் உடைஞ்ச மாதிரி ஒரு சத்தம். சாயங்காலம் பாத்தா முட்டி பலாக்கொட்டையை உள்ள வெச்சுத் தெச்ச மாதிரி வீங்கிக் கெடக்குது.

அதுக்காக அந்தத் தம்பியைக் குத்தம் சொல்ல முடியுமாங்க? என் முட்டி அப்படி. மகன் கேட்டதுக்குக் கோயில்ல கால் பெசகிருச்சுன்னு சொல்லிட்டேன், அவன் நம்பின மாதிரி தெரியலை. ரிக்கி தம்பிக்கும் சொல்லி அனுப்பினேன், எந்திரிக்க முடியலைன்னு. வந்து பாக்க நேரமில்லை போல, ஆனா உடனே போன்ல கையை மடக்கிக் காட்டற படம் ஒண்ணு அனுப்பிச்சு. அத்தனை வேலையிலயும் அனுப்பிச்சு பாருங்க, அதுக்கு ஒரு மனசு வேணும். அதுக்கப்புறம் அந்தப் பெட்டி மட்டும் இங்கயே கெடந்துச்சு. இப்ப அது மேலதான் துளசிச் செடி வெச்சிருக்கேன், பாத்திருப்பீங்க.

எலும்பு டாக்டர் பாத்துட்டு, ஆப்பரேசன் எல்லாம் வேண்டாம், ஓய்வெடுங்க, வீக்கம் வடிஞ்சதும் இந்தப் பொண்ணைக் கூப்பிடுங்கன்னு ஒரு நம்பர் குடுத்தாரு. அப்படி வந்ததுதான் நிலோபர். இதுதான் ரெண்டாவது. இதுமேலதான் எனக்குக் கோவம்.

கரும்புக்கடைங்கற ஏரியாவுல வீடு. காலேஜ்ல கைப்பந்து ஆடின புள்ளையாம், ட்ரெய்னருக்குன்னே படிச்சிருக்குது. ஆனா பாத்தா அப்படித் தெரியாதுங்க. ஒல்லியா, முழுக்கைச் சட்டை, தலையில துணி கட்டிட்டு, ஸ்கூல்ல கணக்கு டீச்சர் மாதிரி வந்து நின்னுச்சு. மொத நாள் ஒரு பயிற்சி கூடக் கிடையாது. கேள்விதான். என்ன மாத்திரை சாப்பிடறீங்க, எப்பத் தூங்கறீங்க, எப்பவாச்சும் விழுந்திருக்கீங்களா, தலை சுத்துமா. ஜிம்மு சொல்லித்தர வந்தவளுக்கு என் மாத்திரை எதுக்குங்க? அப்புறம் "மாடிப்படி ஏறிக் காட்டுங்க ஆன்ட்டி"ன்னுச்சு. ஏறினேன். பின்னாலயே வந்து என் காலையே பாத்துக்கிட்டு நின்னுச்சு. எனக்கு வெக்கமாப் போச்சு. பாதத்துல வெடிப்பு வேற.

"பிரஷர் மாத்திரை சாப்பிட்டா ஏன் மயக்கமா வருது?"ன்னு நான் கேட்டேன். என்ன சொல்லுச்சு தெரியுங்களா? "எனக்குத் தெரியாது ஆன்ட்டி. டாக்டரைக் கேட்டுச் சொல்றேன்." தெரியாதுன்னு சொல்ற ட்ரெய்னரை நீங்க எங்கயாச்சும் பாத்திருக்கீங்களா? கேட்டும் வந்துச்சு, அது வேற விசயம். மாத்திரையை ராத்திரிக்கு மாத்தினாங்க, மயக்கம் நின்னு போச்சு. ஆனாலும் தெரியாதுன்னு சொன்னா எப்படிங்க மரியாதை வரும்?

கடைசியா ஒண்ணு கேட்டுச்சு. "உங்களுக்கு என்ன வேணும் ஆன்ட்டி?"

"பத்து கிலோ குறையணும்."

"அது கெடக்கட்டும். எதைச் செய்ய முடியலைன்னு உங்களுக்கு வெசனமா இருக்கு?"

எனக்குச் சுருக்குனு வந்துச்சு. இவ யாரு என்னைக் கேக்க? ஒண்ணுமில்லைன்னேன். அந்தப் புள்ள எந்திரிக்காம உக்காந்திருந்துச்சு. நானும் உக்காந்திருந்தேன். எவ்வளவு நேரந்தான் உக்காந்திருக்கறது? சொல்லிட்டேன்.

ஸ்கூட்டி. கீழ படிக்கட்டுக்கு அடியில பாத்தீங்களே, நீலக் கலர் வண்டி. அவரு எனக்கு வாங்கிக் குடுத்தது. கடைக்குச் சாப்பாடு கொண்டு போறது, பேங்குக்குப் போறது, டவுன்ஹால் கடைவீதிக்குப் போய் மணிக்கணக்கா வளையல் பாக்கறது, எல்லாம் அதுலதான். அவரு போய் ஆறு மாசம் இருக்கும், சிக்னல்ல நிக்கறப்ப காலை ஊனினேன், முட்டி மடங்கிருச்சு. வண்டி என் மேல சாஞ்சு நடு ரோட்டுல விழுந்தேன். அடியெல்லாம் பெருசா இல்லை. நாலு பேரு ஓடி வந்து தூக்கினாங்க. அதுல ஒருத்தர், நல்ல மனுசன்தான், "இந்த வயசுல உங்களுக்கு எதுக்கும்மா வண்டியெல்லாம்"னாரு. அவ்வளவுதான். வீட்டுக்குத் தள்ளிட்டு வந்து, மேல துணியைப் போட்டு மூடினவதான். மகன்கிட்டக்கூடச் சொல்லலை.

இதைச் சொன்னதும் அந்தப் புள்ள "அச்சச்சோ"ன்னு ஒரு வார்த்தை சொல்லணுமில்லைங்களா? சொல்லலை. "வண்டி எவ்வளவு கனம் இருக்கும்?"னு கேட்டுச்சு! நீங்களே சொல்லுங்க.

அப்புறம் பயிற்சின்னு ஆரம்பிச்சுது. சேர்ல உக்காந்து எந்திரிக்கணும். இந்தச் சேர்தான், நீங்க உக்காந்திருக்கறது. பொறந்ததுல இருந்து நான் சேர்ல உக்காந்து எந்திரிச்சுட்டுத்தான் இருக்கேன், அதைச் சொல்லித்தர ஒரு ஆளுன்னு நெனச்சேன். பாத்தா நான் எந்திரிக்கறப்பெல்லாம் கையை ஊனித்தான் எந்திரிக்கறனாம். கையை ஊனாம எந்திரிக்கச் சொன்னா, அம்மிணி, பசை போட்டு ஒட்டின மாதிரி உக்காந்திருக்கேன்! மொதல்ல தலகாணி ரெண்டு போட்டு உசரத்துல இருந்து, அப்புறம் ஒண்ணு, அப்புறம் வெறும் சேரு. பல் விளக்கறப்ப ஒத்தைக் கால்ல நிக்கணும். அடுப்புத் திட்டைப் பிடிச்சுக்கிட்டுக் குதிகாலைத் தூக்கணும். சாம்பார் கொதிக்கறதுக்குள்ள ஒரு சுத்து முடிஞ்சிரும்.

சத்தமே கிடையாது. சாம்பியன் கிடையாது. எங்கயாச்சும் வலிச்சா முகத்தைப் பாத்தே கண்டுபிடிச்சு "நிறுத்துங்க"ன்னும். நான் நிறுத்தாம இன்னும் ரெண்டு பண்ணினா, "ஆன்ட்டி, யாருக்குக் காட்டறீங்க?"ன்னும். போனைக் கையில எடுத்து நான் பாத்ததே இல்லை. வேலை வெட்டி இல்லாத புள்ள போலன்னு நெனச்சுக்குவேன். சாப்பாட்டுக்கும் ஒரு தடையும் இல்லை. "சோறு சாப்பிடுங்க, கூடக் கொஞ்சம் பச்சைப்பயிறும் முட்டையும் சேத்துக்குங்க"ன்னு அவ்வளவுதான். ரொம்ப நல்லாப் பண்ணிட்டேன்னு எனக்கே தெரியற அன்னிக்குக்கூட "போன வாரத்தைவிட நல்லாருக்கு"ன்னும். அது ஒரு பாராட்டாங்க?

கொஞ்ச நாள்ல வண்டி மேல இருந்த துணியை எடுக்கச் சொல்லுச்சு. ஓட்டறதுக்கில்லை, சும்மா உக்காரறதுக்கு. ஸ்டாண்டை எடுத்துட்டு ரெண்டு காலையும் ஊனி, இந்தப் பக்கம் சாய், அந்தப் பக்கம் சாய். அந்தப் புள்ள பக்கத்துல நின்னுக்கிட்டுக் கையை நீட்டி வெச்சிருக்கும், ஆனா தொடாது. விழுந்துருவேன் விழுந்துருவேன்னு நான் கத்துவேன். "விழலியே ஆன்ட்டி"ன்னும். தெருவே வேடிக்கை பாத்துச்சு. ஓடாத வண்டியில ஒரு கெழவி சாஞ்சு சாஞ்சு நிக்கறான்னு.

அப்புறம் தெருவுக்குள்ள ஓட்டினேன். அப்புறம் முக்கு வரைக்கும். ஒருநாள் காலையில "வாங்க, உழவர் சந்தைக்குப் போலாம்"னுச்சு. நான் முன்னாடி, அது தன் வண்டியில பின்னாடி. அதே சிக்னல் வந்துச்சு. பச்சையாவே இருக்கட்டும்னு மருதமலையானை வேண்டிக்கிட்டே போறேன், சரியா நான் போறப்ப சிவப்பு விழுது. காலை ஊனினேன். வண்டி சாஞ்சுது. கால் நின்னுச்சு, அம்மிணி. கல்லு மாதிரி நின்னுச்சு. பச்சை விழுந்து பின்னாடி எல்லாரும் ஆரன் அடிக்கறாங்க, நான் என் காலையே குனிஞ்சு பாத்துக்கிட்டு நிக்கறேன். கண்ணெல்லாம் வேர்த்து ஊத்திருச்சு. வெயிலு.

சந்தையில தக்காளி, சொரக்காய், கீரைன்னு கண்டதையும் வாங்கி வண்டி முன்னாடி வெச்சுட்டு, வண்டியோட போட்டோ எடுத்து மகனுக்கு அனுப்பினேன். ராத்திரி கூப்பிட்டான். "தக்காளி என்ன வெலை?"ன்னான். அதுக்கப்புறம் பேரூர் பேச்சே எடுக்கலை. எல்லாத்துக்கும் அஸ்திவாரம் போட்டது ரிக்கி தம்பிதான்னு அவன்கிட்டச் சொன்னேன். போனை வெச்சுட்டான். சிக்னல் கிடைக்கலை போல.

இப்பத்தான் விசயத்துக்கு வாரேன். இவ்வளவும் ஆகி, எல்லாம் நல்லாப் போயிட்டிருக்கறப்ப, ஒருநாள் அந்தப் புள்ள உக்காந்து என்ன சொல்லுச்சு தெரியுங்களா?

"ஆன்ட்டி, அடுத்த மாசத்துல இருந்து நான் வரலை. இனிமே நான் வேண்டாம் உங்களுக்கு."

"ஏன், நான் ஏதாச்சும் தப்பாப் பேசிட்டனா?"

"இல்லை. எல்லாத்தையும் நீங்களே செய்யறீங்க. நான் சும்மா நின்னு பாத்துக்கிட்டிருக்கேன்."

"பாரு. பாக்கறதுல உனக்கு என்ன கஷ்டம்?"

சிரிச்சுது. சிரிச்சுட்டுப் போயிருச்சுங்க. ரிக்கி தம்பி என்னிக்காச்சும் இப்படிச் சொல்லியிருக்குமா? ஆறு மாசத்துக்குச் சேர்ந்தவங்களை ஒரு வருசத்துக்கு மாத்தும், ஒரு வருசத்தை ரெண்டாக்கும். அது விடவே விடாது. நல்ல ட்ரெய்னர்னா அப்படி இருக்கணும். பாதியில விட்டுட்டுப் போறவ என்ன ட்ரெய்னர்? செவ்வாய்க்கிழமை வரும், வெள்ளிக்கிழமை வரும், காலையில எந்திரிச்சு மொகம் கழுவி, பொட்டு வெச்சு, கூடத்தைக் கூட்டி வெச்சுட்டு இருப்பேன். அந்தச் செவ்வாய்க்கிழமையும் கூட்டி வெச்சுட்டு உக்காந்திருந்தேன். சேரைப் பாத்துக்கிட்டு.

நானும் பொறுத்துப் பொறுத்துப் பாத்தேன். அப்புறம் போனைப் போட்டேன். "நிலோபரு, முட்டி வலிக்குது. ரொம்ப வலிக்குது. எந்திரிக்கவே முடியலை"ன்னேன். குரலை வேற இறக்கி வெச்சுக்கிட்டேன். "அசையாம இருங்க ஆன்ட்டி, வாரேன்"னு சொல்லிட்டுப் போனை வெச்சிருச்சு.

அது வர்றதுக்குள்ள ஒரு பஜ்ஜி போடலாம்னு மாவைக் கரைச்சேன். வாழைக்காய் இல்லை, வண்டியை எடுத்துட்டுப் போய் வாங்கிட்டு வந்தேன். எண்ணெய் காயறப்ப கீழ பெல் அடிக்குது. வாசல் கேட் பூட்டியிருக்கு, அந்தப் புள்ள வெயில்ல நிக்குமேன்னு தடதடன்னு எறங்கி ஓடிப் போய்த் தெறந்தேன். "வந்துட்டியா கண்ணு, வலி உசுரு போகுது"ன்னேன்.

அந்தப் புள்ள என்னைப் பாத்துச்சு. மாடிப்படியைப் பாத்துச்சு. வண்டியைப் போய்த் தொட்டுப் பாத்துச்சு. "எந்த முட்டி ஆன்ட்டி?"ன்னுச்சு. நான் வலதுன்னு சொல்லிட்டு, அப்புறம் இடதுன்னேன். நேரா மேல வந்து, இந்தச் சேர்ல உக்காந்துச்சு. எப்படித்தான் கண்டுபிடிச்சுதோ, இன்னிவரைக்கும் எனக்குப் புரியலை. அவ்வளவு நல்லா நடிச்சேன்.

ஒரு வருசமா எங்க வீட்டுல பச்சைத் தண்ணி குடிக்காத புள்ளைங்க அது. வேலைக்கு வந்த எடத்துல ஒண்ணும் சாப்பிடாதாம். அன்னிக்குத் தட்டை இழுத்து வெச்சு அஞ்சாறு பஜ்ஜி சாப்பிட்டுச்சு. காபி கேட்டு வாங்கிக் குடிச்சுது. கையைத் தொடைச்சுட்டு, "வலிக்கலைன்னாலும் கூப்பிடலாம் ஆன்ட்டி"ன்னுச்சு.

நான் சட்னி எடுக்கப் போறேன்னு அடுப்படிக்குப் போயிட்டேன். கொஞ்ச நேரம் அங்கயே நின்னேன்.

திரும்பி வந்தா, "ஞாயித்துக்கிழமை காலையில பார்க்குல கொஞ்சம் அம்மாக்களுக்குப் பயிற்சி சொல்லித் தர்றேன். எல்லாரையும் ஒரே சமயத்துல என்னால பாக்க முடியலை. நீங்க வந்து கூட நிக்கறீங்களா?"ன்னுச்சு. அதானே, ஆளில்லாமத் திண்டாடுது போல. பாவம்னு சரின்னுட்டேன்.

அங்க கோமதின்னு ஒரு அம்மா. டெலிபோன் ஆபீஸ்ல அதிகாரியா இருந்து ரிட்டையர் ஆனவங்க, நல்ல ஒசரம். பாத்ரூம்ல வழுக்கி விழுந்ததுல இருந்து பயம். பெஞ்சுல உக்காந்தா எந்திரிக்க மாட்டேங்கறாங்க. நிலோபர் என்னை அவங்க பக்கத்துல நிக்க வெச்சுட்டு அந்தக் கோடிக்குப் போயிருச்சு. நான் சும்மா இருப்பனா? ரிக்கி தம்பி மாதிரியே, "கமான் சாம்பியன்!"னு ஒரு சத்தம் போட்டேன். அந்தம்மா என்னை ஒரு பார்வை பாத்தாங்க, அப்பா! பார்க்குல இருந்த காக்காயெல்லாம் பறந்துருச்சு.

வாயை மூடிட்டேன். பக்கத்துல நின்னு கையை மட்டும் நீட்டி வெச்சேன். ரொம்ப நேரம் ஒண்ணும் நடக்கலை. அவங்க நடைபாதையைப் பாக்கறாங்க, நானும் பாக்கறேன். ஒரு நாயி போச்சு. அப்புறம் திடீர்னு என் மணிக்கட்டை ஒரு பிடி பிடிச்சாங்க பாருங்க, வளையல் ரெண்டு நசுங்கிப் போச்சு. எந்திரிச்சுட்டாங்க. எந்திரிச்சு நின்னு, "யாரு நீங்க?"ன்னாங்க. "மரகதம்"னேன். "நல்லா இருங்க"ன்னுட்டு மறுபடியும் உக்காந்துட்டாங்க. அன்னிக்கு அவ்வளவுதான். இப்ப பார்க்கை ஒரு சுத்து வர்றாங்க, என் கையைப் பிடிக்காம.

நிலோபர் ஏதாச்சும் சொல்லுச்சாங்கறீங்க? ஒரு வார்த்தை கிடையாது. அடுத்த வாரம் இன்னொரு அம்மாவைக் கொண்டாந்து என் பக்கத்துல விட்டுட்டுப் போயிருச்சு. சம்பளமும் இல்லை, பாராட்டும் இல்லை, ஞாயித்துக்கிழமை தூக்கமும் போச்சு. மோசமான ட்ரெய்னருங்க அது, நான் பாத்ததுலயே. உங்களுக்கு ரிக்கி தம்பி நம்பர் வேணும்னா தர்றேன், தங்கமான தம்பி. ஆனா இருங்க, உங்களுக்குச் சின்ன வயசு, முட்டியெல்லாம் நல்லாருக்கு. அதை எதுக்குக் கெடுத்துக்கிட்டு?

ஒண்ணு பண்ணுங்க. ஞாயித்துக்கிழமை விடிஞ்சதும் வண்டிகிட்ட வந்து நில்லுங்க. என் வண்டியிலயே கூட்டிட்டுப் போறேன். ஹெல்மெட் இருக்குதுங்க, நல்ல ஹெல்மெட்டு, வாங்கறப்பவே ரெண்டா வாங்கிட்டேன். "தனியாத்தானே ஓட்டறீங்க, இன்னொண்ணு யாருக்கும்மா?"ன்னு கடைக்காரர் கேட்டாரு. ஆளு வரும்னு சொன்னேன்.